கம்ப்ரஸருக்கு ‘மின்துருத்தி’ன்னு வச்சா என்ன? சத்தம் கம்மியா ஒண்ணு வாங்குறதப் பத்தியும் சேத்து

எல்லாருக்கும் வணக்கம்.

பர்மாவுல இருக்கற நம்ம தமிழ்ச்சொல் குழுவுல, மௌல்மீன் ஊரு அண்ணன் போன வாரம் ரெண்டு கேள்வி கேட்டிருந்தாரு. வீட்டுல நாலு சைக்கிள், டயருக்குக் காத்தடிக்க சத்தம் போடாத ஏர் கம்ப்ரஸர் எத வாங்கலாங்கறது ஒண்ணு, அதத் தமிழ்ல என்னன்னு சொல்றதுங்கறது இன்னொண்ணு. தனித்தனியா பதில் போடலாம்னுதான் உக்காந்தேன், ஆனா அந்த மெஷின் உள்ள என்ன பண்ணுதுன்னு தெரியாம பேரு வச்சா அந்தப் பேரு நிக்காது, அதனால ஒரே மடலாவே எழுதுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கங்க.

இதுவரைக்கும் கம்ப்ரஸருக்குக் குழுவுல வந்த தமிழ்ச் சொல்லு நாலு. காற்றழுத்தி, காற்றமுக்கி, வளியமுக்கி, காற்றடிப்பான்.

காற்றழுத்தி எனக்கு ஒத்து வரல. பிரஷருக்கு அழுத்தம்னு ஏற்கனவே வச்சாச்சு, பாரோமீட்டருக்குக் காற்றழுத்தமானின்னு பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கு. இப்ப இந்த மெஷின் மேல இருக்கற மீட்டரப் பாருன்னு ஒருத்தருக்குச் சொல்லணும்னா ‘காற்றழுத்தியோட அழுத்தமானியில காற்றழுத்தம் எவ்வளவு’ன்னு சொல்லணும், கேக்கறவன் எத எடுப்பான்? சரி அமுக்கின்னு போனா இலங்கைக்காரங்க பிரஷரையே அமுக்கம்னுதான் சொல்றாங்க, அவங்க வானிலைச் செய்தியில தாழமுக்கம்னு வரும், அங்கயும் இதே சிக்கல். இன்னொண்ணு, அமுக்கிங்கறது ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் உள்ள இருக்கற கம்ப்ரஸருக்குப் பொருத்தமான சொல்லு, அத அங்கயே விட்டுடலாம். இது ஏட்டுல மட்டும் இருக்கற குழப்பம் இல்ல. நான் ரங்கூன் டவுன்ல ஒரு கடையில போயி கம்ப்ரஸர் வேணும்னு கேட்டப்ப அந்தப் பையன் ஃப்ரிட்ஜுக்கு அடியில இருக்குமே கருப்பு உருண்டை, அதத் தூக்கிட்டு வந்து வச்சான், அவன் மேல தப்பே இல்ல, நான் கேட்ட சொல்லு அதுக்கும் பேருதான்.

காற்றடிப்பான் வாயில நல்லா வருது. நாம காத்து அடிக்கறதுன்னுதான சொல்றோம், ஏத்தறது நிரப்பறதுன்னு பேச்சுல அதிகமா சொல்றதில்ல. ஆனா சொல்லு பொழங்கப் பொழங்கச் சுருங்கும், காற்றடிப்பான் நாளாவட்டத்துல காத்தடின்னு ஆகும், அப்ப காத்தாடிக்கும் அதுக்கும் ஒரு கால்தான் வித்தியாசம். போன்ல பேசும்போது கண்டிப்பா தடுமாறும். கையில அடிக்கற பம்பும் காத்ததான அடிக்குது, அதுக்கு என்ன பேரு வைக்கறதுன்னும் பாக்கணும்.

இங்க பர்மாக்காரங்க எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு ஒரு நிமிஷம் பாருங்க, நம்ம பிள்ளைங்க தினமும் பேசற பாஷைதான். ஊசி போடறத சேதோங்கறாங்க, டயருக்குக் காத்தடிக்கறத லேதோங்கறாங்க, ரெண்டுலயும் அதே தோ, குத்திச் செலுத்தறது. மருந்தக் குத்தினா சேதோ, காத்தக் குத்தினா லேதோ, அதோட குச்சிங்கற சொல்ல சேத்தா கைப்பம்பு. சைக்கிளையே செபெய்ங்கறாங்க, அதுல வர்ற செ பாலி பாஷையோட சக்க, அதாவது நம்ம சக்கரம், இப்ப அதுக்கு மெஷின்னு அர்த்தம் ஆயிடுச்சு. சைடுகார்ங்கறத சைக்கான்னு ஆக்கி தங்களோட சொல்லாவே வச்சுக்கிட்டாங்க. வீட்டுல கெடந்த சொல்ல எடுத்துத் தொடைச்சு புது வேலைக்கு விட்டிருக்காங்க, அதத்தான் நான் பாக்கறேன். நம்ம கிட்டயும் அப்படி ஒரு சொல்லு இருக்கு, துருத்தி.

கொல்லுப்பட்டறையில உலைக்குக் காத்து ஊதற தோல்பை, எல்லாருக்கும் தெரியும். சங்கப் பாட்டுலயே மிதிதோல்னு அதக் கால்ல மிதிச்சு ஊதறது வருது, இன்னிக்கு இருக்கற கால்பம்பு அதேதான். வால்வும் அதுல உண்டு, வெளிக்காத்து உள்ள வரும், உள்ள வந்தது வந்த வழியா திரும்பாது, மூக்கு வழியாத்தான் போகும். கம்ப்ரஸர்ல பிஸ்டன் மேலயும் கீழயும் போகறப்ப நடக்கறதும் இதுதான், தோலுக்குப் பதிலா சிலிண்டர். எனக்கு இந்தச் சொல்லு ரொம்பப் பிடிச்சுப் போனதுக்குக் காரணம் வேற. வேதாகமத்துல புது திராட்சரசத்தப் பழந்துருத்தியில வார்க்கமாட்டாங்க, வார்த்தா துருத்தி கிழிஞ்சுபோகும்னு வருது, சர்ச்சுக்குப் போற நம்மாளுங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க. அங்க துருத்தி ஊதறது இல்ல, அடைச்சு வைக்கறது, உள்ள இருக்கறது பொங்கினா தாங்கி நிக்க வேண்டியது. அப்ப ஊதற கருவியும் துருத்தி, பிடிச்சு வைக்கற பையும் துருத்தி. நாம வாங்கப்போற மெஷின்ல மேல பம்பு, கீழ டாங்கி. ரெண்டு பாதியும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு. அமுக்கியில டாங்கி எங்க இருக்கு?

விசிறிக்கு மின் சேத்து மின்விசிறி ஆச்சு, விளக்குக்கு சேத்து மின்விளக்கு ஆச்சு. அதே போல மின்துருத்தி. கையில அடிக்கறது கைத்துருத்தி, கால்ல மிதிக்கறது மிதிதுருத்தி, குடும்பமாவே கெடைக்குது.

துருத்தி லேசா ஊதும், எட்டு பார் (பிரஷர அளக்கற அலகு) பிரஷரு அதுல எங்க வரும்னு பேராசிரியர் ஐயா கேட்டிருந்தாரு. நியாயமான கேள்விதான். ஆனா பனையோலை விசிறியில வர்ற காத்துக்கும் சீலிங் ஃபேன் காத்துக்கும் கூடத்தான் ஒப்பே இல்ல, பேரு நின்னுடுச்சே ஐயா. அளவு மாறினா பேரு மாற வேணாம், வேலை மாறினாத்தான் மாறணும்னு நான் நெனைக்கறேன்.

இப்ப டாங்கி ஏன் அவ்வளவு முக்கியம்னு சொல்றேன், அண்ணனோட முதல் கேள்விக்குப் பதிலும் அதுலதான் இருக்கு. நம்ம ஊர்ல ஓடற சாதா சைக்கிள் டயரு, 26 இஞ்சு, அகலம் ஒண்ணே காலே அரைக்கால், அதுக்குள்ள சுமாரா 2 லிட்டர் எடம் இருக்கு. பிஎஸ்ஐங்கறதும் பிரஷர் அளவுதான், 50 பிஎஸ்ஐன்னா 3.4 பார், அப்ப முழுசா எறங்கின டயருக்கு வெளிக்காத்து 7 லிட்டர் தள்ளணும். 9 லிட்டர் டாங்கியில 8 பார் ஏத்தி வச்சா, 8 லருந்து 3.4 வரைக்கும் எறங்கறதுக்குள்ள 41 லிட்டர் காத்து கெடைக்கும். சும்மா 30ல இருக்கறத 50 ஆக்கறதுன்னா ஒரு டயருக்கு 3 லிட்டர் கூட ஆகாது. அதாவது அண்ணன் வீட்டு நாலு சைக்கிளோட எட்டு டயருக்கும் மோட்டார் ஒரு தடவ கூட ஓடாமலே காத்து அடிச்சிடலாம். கரண்டு இருக்கற நேரத்துல, பகல்ல, ஏத்தி வச்சிட்டா காலையில அஞ்சு மணிக்கு இருட்டுல பிள்ளைங்க கெளம்பும்போது சத்தமே இல்ல, உஸ்ஸுன்னு மட்டும்தான் கேக்கும். கரண்டு மணிக்கணக்கா போற நம்ம ஊருக்கு இத விட வேற என்ன வேணும். பாட்டரியில ஓடற கையடக்க மெஷின் இப்ப நெறைய வருது, டாங்கி கெடையாது, காத்து ஏறி முடியற வரைக்கும் சின்ன மோட்டார் கத்திக்கிட்டேதான் இருக்கும், பயணத்துக்கு சரி.

சத்தத்துக்கு வர்றேன். நான் முதல்ல வாங்கினது எண்ணெய் இல்லாத டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாம மோட்டாரே நேரா பிஸ்டன ஓட்டறது), 2850 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு அத்தன சுத்து, அட்டையில சைலண்ட்னு போட்டிருந்துச்சு. போட்ட உடனே பக்கத்து வீட்டுல தூங்கிக்கிட்டிருந்த கைக்குழந்த அலறி எழுந்திரிச்சிடுச்சு, அந்த அம்மா வாசல்ல வந்து நின்னாங்க, அந்த முகத்த நான் மறக்கல. அத மாத்தி எடுத்துக்கக் கடையில ஒத்துக்கல. அதனால அட்டையில இருக்கற சொல்ல நம்பாதீங்க, மோட்டாரோட சுத்து எண்ணிக்கையப் பாருங்க. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், ரெண்டு போல் (காந்த முனை) மோட்டார்னா 2800க்குப் பக்கத்துல சுத்தும், நாலு போல்னா 1400. பாதி வேகத்துல சுத்தறது, அதுலயும் ரெண்டு பிஸ்டன் எதிரும் புதிருமா இருக்கறது, அதுதான் அமைதி. டெசிபல் போட்டிருந்தா எத்தன மீட்டர் தூரத்துல அளந்தாங்கன்னு கேளுங்க, வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் கொறஞ்சு காட்டும். பத்து டெசிபல் ஏறினா காதுக்கு சுமாரா ரெண்டு மடங்கு சத்தம். 60ன்னா எதிர்ல உக்காந்து பேசற சத்தம், 80ன்னா கத்திப் பேசினாத்தான் கேக்கும். அடியில ரப்பர் பாயோ பழைய டயர் துண்டோ போடுங்க, மரத்தரை வீடுன்னா தரையே மத்தளம் மாதிரி அடிக்கும்.

இதனாலதான் சைலண்ட்ங்கறதுக்கு ‘சத்தமில்லா’ன்னு எழுத வேணாம்ங்கறேன். அது உண்மை இல்ல. மெல்லொலின்னு வைக்கலாம், மெல்லொலி மின்துருத்தி. ஒலியடக்கி வேற, அது புகைக்குழாயில மாட்டற சைலன்ஸர்.

பழைய ஃப்ரிட்ஜோட அமுக்கிய எடுத்து டாங்கியில மாட்டி ஓட்டறவங்க இருக்காங்க, உண்மையிலயே அது ரொம்ப அமைதி, ஆனா காத்து ரொம்ப மெதுவா வரும், எண்ணெய் ஆவியும் கூட வந்து ட்யூப் ரப்பரக் கெடுக்கும். சேஃப்டி வால்வும் பிரஷர் சுவிச்சும் இல்லாம யாரும் செய்யாதீங்க.

இன்னும் சிலது. இண்டக்ஷன் மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப ஓடற கரண்டப் போல அஞ்சாறு மடங்கு இழுக்கும், 550 வாட் மோட்டார்தானேன்னு சின்ன இன்வர்ட்டர்ல போட்டா கட் ஆயிடும். டாங்கியிலருந்து வெளிய வர்ற பிரஷரக் கொறைக்கற ரெகுலேட்டர் கண்டிப்பா இருக்கணும், 60 பிஎஸ்ஐ மேல போகாம வச்சுடுங்க, டாங்கிப் பிரஷர நேரா குடுத்தா சைக்கிள் ட்யூப் வெடிக்கும். நம்ம சைக்கிள்ல நெறைய டன்லப் வால்வு, உள்ள ரப்பர் குழா இருக்குமே அது, கார் டயரோட வாய் அதுல உக்காராது, தனியா கிளிப்பு வாங்கணும், மீட்டர் காட்டறதும் அதுல சரியா இருக்காது, கட்டவிரலால அமுக்கிப் பாக்கறதுதான். அப்புறம் மழைக்காலம். காத்த அமுக்கினா அதுல இருக்கற ஈரம் தண்ணியா டாங்கியில எறங்கும், ரங்கூன் பக்கத்துல சிரியம் ஊர்ல நான் ஆடி மாசம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ டாங்கி அடியில இருக்கற திருகத் தொறந்து விடறேன், துருப்பிடிச்ச தண்ணி வரும். விடலைன்னா டாங்கி உள்ளுக்குள்ளயே அரிச்சுப் போகும், வெளிய பெயிண்டு பளபளன்னு இருக்கறதப் பாத்து ஏமாறக் கூடாது.

அண்ணே, 9 லிட்டர், நாலு போல், 1400ன்னு எழுதினது கெடைச்சா எடுத்துக்கங்க. பெரிய டாங்கி உங்களுக்குத் தேவையில்ல.

அந்தத் தண்ணி தொறந்து விடற திருகுக்கு இன்னும் சொல்லு இல்ல. வடிகுழாய்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, அது வீட்டுச் சாக்கடைக்கும் சொல்றோம். நான் நீர்த்திருகுன்னு யோசிக்கறேன், பாகோ ஊரு அக்கா என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு நம்ம சொல் பட்டியல்ல ஏத்தலாம்.