ஏர்பேக் விளக்கு அணையவில்லை, இடது பக்க சென்சார் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

மன்னார்குடிக்காரன்:

வணக்கம். என்னுடையது 2021 மாடல் ஹேட்ச்பேக், ஆறு ஏர்பேக் உள்ள டாப் வேரியன்ட். ஐப்பசி மழை விட்டதிலிருந்து மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிகிறது. முதலில் விட்டுவிட்டுத்தான் எரிந்தது. காலையில் வண்டியை எடுத்தால் எரியும். மதியம் வெயிலில் ஓடிய பிறகு நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் விளக்கு இருக்காது. (அந்த கேட்டில் அணைக்காமல் நின்றால் டீசல்தான் மிச்சமிருக்காது.) இப்போது எந்நேரமும் எரிகிறது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்தார்கள். இடது பக்க இம்பாக்ட் சென்சாரிலிருந்து (மோதலை உணர்கிற சென்சார்) தகவல் வரவில்லை என்று எரர் கோட் காட்டுகிறதாம். சென்சார், அதற்குப் போகும் ஒயரிங், தேவைப்பட்டால் ஏர்பேக்கை இயக்குகிற கன்ட்ரோல் யூனிட் எல்லாவற்றுக்கும் சேர்த்து எஸ்டிமேட் கொடுத்தார்கள். அந்தக் காசில் இந்தச் சம்பாவுக்கு உரம் போட்டு முடித்துவிடலாம். வண்டி எங்கேயும் இடிபடவில்லை, வாரண்டியும் முடிந்துவிட்டது.

உண்மையிலேயே சென்சார்தான் போயிருக்குமா? வெளியில் பார்க்கலாமா? இந்த விளக்கோடு ஓட்டலாமா? அம்மா எப்போதும் முன் இடது சீட்டில்தான் உட்காருவார், அதுதான் யோசனையாக இருக்கிறது.

குடந்தை டிரைவர்:

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருக்கும் சார், அதைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். சீட்டை முன்னே பின்னே தள்ளித் தள்ளி லூஸ் ஆகிவிடும். எங்கள் டிராவல்ஸ் வண்டியில் அதுதான் கோளாறு. அப்படியும் போகவில்லை என்றால் ரெசிஸ்டர் போட்டு விளக்கை அணைத்துத் தருவார்கள், செலவு கம்மி.

திருவாரூர் ஆட்டோ எலக்ட்ரீசியன்:

டிரைவர் அண்ணன் சொன்னதில் ரெசிஸ்டர் சமாச்சாரத்தை மறந்துவிடுங்கள். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் அதே ஓம் அளவுக்கு ஒரு ரெசிஸ்டரை வைத்து கன்ட்ரோல் யூனிட்டை ஏமாற்றுகிற வேலை அது. விளக்கு அணையும், அடி விழுந்தால் பை வராது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதற்காகவே ஏர்பேக் யூனிட்டை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கலாம்.

சீட்டுக்கு அடியில் தேடுவது தப்பில்லை, ஆனால் அது வேறு கோளாறுக்கு. ஏர்பேக் சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்று வந்தால் அங்கே தேடலாம். தம்பிக்கு வந்திருப்பது சென்சார் பேசவில்லை என்கிற கோட். அந்த ஒயர் போகும் இடமே வேறு.

பக்கவாட்டில் அடி விழுந்தால் கதவுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூடக் கிடையாது. முன்பக்கம் என்றால் நசுங்குவதற்கு போனட் இருக்கிறது. அதனால் வண்டி நடுவில் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்கு அதிர்வு போய்ச் சேரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. அடி விழும் இடத்திலேயே, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே உள்ள பி பில்லரின் அடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சாரை வைத்திருப்பார்கள். சில வண்டிகளில் கதவுக்குள் காற்றழுத்தத்தைப் பார்க்கும் சென்சாரும் உண்டு. பில்லரின் அடி என்றால் கிட்டத்தட்ட கார்பெட் மட்டம். கார்பெட்டில் ஈரம் நின்றால் முதலில் கெடுகிற கனெக்டர்களில் இதுவும் ஒன்று. காலையில் எரிந்தது, வெயிலில் ஓடினால் அணைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் ஈரத்தின் மேல்தான், சென்சார் மேல் இல்லை.

இடது பக்க கார்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், அடிப் பஞ்சில் தண்ணீர் நிற்கும்.

கழற்றுவதை மட்டும் ஏர்பேக் வேலை தெரிந்த எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மோதலில் பேட்டரி ஒயர் அறுந்தாலும் பை விரிய வேண்டும் என்று கன்ட்ரோல் யூனிட்டுக்குள் கெப்பாசிட்டரில் சார்ஜ் வைத்திருப்பார்கள். எத்தனை நிமிடம் என்பதை அந்தந்த வண்டி மேனுவலில் போட்டிருக்கும். நான் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் கை வைப்பேன். பில்லர் பிளாஸ்டிக்கைக் கழற்றினால் சீட் பெல்ட் சுருளும் அங்கேயே இருக்கும். அதற்குள்ளும் பெல்ட்டை இழுத்துப் பிடிக்க வெடிமருந்து உண்டு. அதிலும் ஏர்பேக்கிலும் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது. உள்ளே இருப்பது இரண்டு ஓம் பக்கம்தான், மீட்டர் விடுகிற சின்ன கரண்டை நம்பி விளையாட முடியாது. சென்சார் ஒயரை, இரண்டு முனையும் கழற்றிய பிறகு அளந்துகொள்ளலாம்.

இடது, வலது சென்சார்களின் பார்ட் நம்பர் ஒன்றாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கோட் வலது பக்கம் போனால் சென்சார் போச்சு. இடதிலேயே நின்றால் ஒயர் அல்லது கனெக்டர். எதையாவது கழற்றி வைத்துக்கொண்டு சாவியைப் போட்டால் புதுசாக ஒரு கோட் ஏறும். மலிவான புளூடூத் கருவிகள் பெரும்பாலும் எஞ்சினை மட்டும்தான் படிக்கும், ஏர்பேக் யூனிட்டைப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும்.

விளக்கு எரியும்போது எந்தப் பை வரும், எது வராது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதுவரை அம்மா பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரட்டும்.

ஒரு கேள்வி தம்பி. வண்டி வாங்கிய பிறகு கதவில் ஸ்பீக்கர் ஏதாவது மாட்டினீர்களா?

மன்னார்குடிக்காரன்:

ஆமாம் அண்ணே, நாலு கதவிலும்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

இங்கே ஒரு எலக்ட்ரீசியனிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டித்தான் வேலையை ஆரம்பித்தோம். கார்பெட்டைத் தூக்கினால் அடிப் பஞ்சைப் பிழியலாம், அவ்வளவு தண்ணீர். சென்சார்களை மாற்றிப் போட்டோம், கோட் இடதிலேயே நின்றது. கனெக்டரில் ஒரு பின் (உலோக முனை) பளிச்சென்று இருந்தது, பக்கத்துப் பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. ஊசியால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

அப்புறம் கதவு. தண்ணீரைத் தடுக்க உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை ஸ்பீக்கர் மாட்டியவர் கிழித்து, ஒட்டாமல் விட்டிருக்கிறார். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளில் பதரும் உளுந்துச் சருகும் சேறாகி அடைத்திருந்தன. அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கம் ரோடு முழுக்க நெல் காயும், உளுந்துச் செடியை வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று பரப்பி வைப்பார்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு அதில் ஓட்டினால் தூசி எல்லாம் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே போய்விடும்போல. தண்ணீர் வெளியே வடிய வழியில்லாமல் வண்டிக்குள் இறங்கியிருக்கிறது.

பின்னை கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, பழைய சென்சாரையே மாட்டி, கோட்டை அழித்தாகிவிட்டது. விளக்கு வரவில்லை. இதோடு விடலாமா?

திருவாரூர் ஆட்டோ எலக்ட்ரீசியன்:

விட வேண்டாம். களிம்பு ஏறிய பின்னில் முலாம் போயிருக்கும், அடுத்த மழைக்கு மறுபடி பச்சை பிடிக்கும். எந்தப் பக்கத்துப் பின் என்று பாருங்கள். ஒயர் பக்கம் என்றால் கம்பெனி அனுமதிக்கிற டெர்மினல் ரிப்பேர் ஒயரை வாங்கி, அவர்கள் சொல்கிற முறையிலேயே கிரிம்ப் செய்து (கருவியால் நசுக்கி இணைத்து) போடச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது இந்த ஒயரில் ஆகாது. சென்சார் பக்கத்துப் பின் என்றால் சென்சாரை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அது ஒன்றை மட்டும். கன்ட்ரோல் யூனிட்டைத் தொட வேண்டியதில்லை.

சென்சார் போல்ட்டை, முடுக்கும் விசையை அளக்கிற டார்க் ரென்ச் வைத்து மேனுவல் அளவுக்கு முடுக்கினார்களா என்று கேளுங்கள். பாடியின் அதிர்வைத்தான் அது அளக்கிறது, லூஸாக இருந்தால் தப்பாகப் படிக்கும். மாட்டும்போது கீழே போட்டுவிட்ட சென்சார் என்றால் அதைத் திரும்ப மாட்டவே கூடாது.

கதவுத் தாளை பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டுகிற ரப்பர் டேப்) வைத்து ஒட்டுங்கள், செலோ டேப் வெயிலில் கழன்றுவிடும். நாலு கதவிலும் ஒரே ஆள்தானே ஸ்பீக்கர் மாட்டினார்? மற்ற மூன்றையும் திறந்து பார்த்துவிடுங்கள்.