படகு டிரெய்லர் சக்கரம்: நடுவழியில் நின்ற அனுபவங்களைப் பகிருங்கள்

பேர்லேண்ட், டெக்சஸ்

படகு வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்செல்லாம் எஞ்சினைப் பற்றித்தான். எஞ்சின் நின்றுபோனால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு உதவிக்குக் காத்திருக்கலாம். டிரெய்லரின் சக்கரம் நெடுஞ்சாலையில் கழன்று ஓடினால், அது போய் மோதுவது பின்னால் குடும்பத்தோடு வருகிற யாரோ ஒருவரின் கார்மீது. சென்ற ஏப்ரலில் அந்த நிலைக்கு மிக அருகில் போய்த் திரும்பினேன்.

என்னுடையது 17 அடி ஃபைபர் படகு, ஒற்றை அச்சு டிரெய்லர். அக்டோபரில் டெக்சஸ் சிட்டி டைக் என்ற கடல் தடுப்பணையில் கடைசியாகப் படகை இறக்கினேன். பிறகு குளிர்காலம் முழுக்க வீட்டு வாசலிலேயே நின்றது. ஏப்ரலில் டயர்களில் காற்றைப் பார்த்தேன், விளக்குகளைப் பார்த்தேன், புறப்பட்டுவிட்டேன். ஐ-45 நெடுஞ்சாலையில் டிக்கின்சனைத் தாண்டும்போது கண்ணாடியில் படகு லேசாகத் தலையாட்டுவது தெரிந்தது. ஓரம் கட்டி இறங்கியதும் கருகிய எண்ணெய் நாற்றம். வலது ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின், மூடியைக் காணவில்லை. ரிம்மின் உட்புறமெல்லாம் கிரீஸ் வாரியடித்திருந்தது. டயரின் மேல்விளிம்பைப் பிடித்து அசைத்தேன். விரற்கடை அளவுக்கு ஆடியது.

மெக்கானிக் பிரித்துக் காட்டியபோதுதான் புரிந்தது. பழுப்பாக இருக்க வேண்டிய கிரீஸ், நீர் கலந்து பால்போல் வெளுத்திருந்தது. ஹப்பைச் சுழலவைக்கும் பேரிங்கின் உருளைகளில் அம்மைத் தழும்புபோலத் துருக்குழிகள். உள் வளையம் அச்சு முனையோடு ஒட்டிக்கொண்டு, அதை அறுத்தெடுத்தபோது முனையும் கெட்டுப்போனது. 20 டாலர் பேரிங் செட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அச்சையே மாற்ற நேர்ந்தது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? 40 மைல் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். உள்ளிருக்கும் காற்றும் விரிந்திருக்கும். வந்த வேகத்தில் படகு இறக்கும் சரிவில் இறக்கிக் கடல்நீரில் முக்கினால் அந்தக் காற்று சட்டென்று சுருங்குகிறது. ஹப்பின் பின்பக்கம் தண்ணீரைத் தடுக்கும் வளையமான சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆறு மாதம் சும்மா நின்றது வண்டிதான்; உள்ளே துரு வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது.

இப்போதெல்லாம் சரிவுக்குப் போனதும் முதலில் படகின் கட்டுகளைத் தளர்த்துவது, சாமான்களை ஏற்றுவது என்று நேரம் கொடுக்கிறேன். ஹப் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே தண்ணீரில் இறக்குகிறேன். பருவம் முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் கழற்றி, பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, படகுக்கென்று விற்கிற நீர் தாங்கும் கிரீஸை அடைக்கிறேன். உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். இடியாப்ப உரலில் மாவு இறங்குவதுபோல மறுபக்கம் உருளைகளின் இடுக்கில் கிரீஸ் பிதுங்கி வரும். வளையம் முழுவதும் அப்படி வந்தால்தான் நிறைந்ததாகப் பொருள். ஒவ்வொரு முறையும் புது சீல், நட்டு கழலாமல் தடுக்கும் புது ஸ்பிளிட் பின். நட்டை ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் முடுக்கிப் பின்னைக் கோக்க வேண்டும். அடித்து முறுக்கினால் பேரிங் வெந்துவிடும்.

பிரிக்காமலே வெளியிலிருந்து கிரீஸ் ஏற்றும் ஸ்பிரிங் வைத்த மூடி இருக்கிறதே என்று சிலர் பிரிப்பதே இல்லை. அது நல்ல பொருள்தான். ஆனால் கிரீஸ் துப்பாக்கியால் அளவு தெரியாமல் ஏற்றினால் பின்பக்க சீல் பிதுங்கி, தண்ணீருக்கு நாமே வாசல் திறந்தது போலாகும்.

ஸ்காபரோ, ஒன்ராறியோ

தம்பி, உங்களுக்கு ஹப், எனக்கு ரயர். 2022 மே மாதம், பிக்கரல் மீன்பிடிப் பருவம் திறந்த சனிக்கிழமை, றைஸ் ஏரிக்குப் போகும் வழியில் 115ஆம் நெடுஞ்சாலையில் இடப்பக்க ரயர் வெடித்தது. கிழிந்த றப்பர் மட்கார்டை வளைத்து, விளக்கு வயரையும் அறுத்துவிட்டது. மேலதிகச் சில்லு இருந்தது. ஆனால் காரோடு வந்த ஸ்பானர் ட்ரெயிலர் நட்டுக்குப் பொருந்தவில்லை. மூன்று மணி நேரம் வீதியோரத்தில் நின்றோம்.

அந்த ரயரில் தேய்மானமே இல்லை. கோடுகள் புதியதுபோல ஆழமாக இருந்தன. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். ரயரின் பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இலக்கங்களில் கடைசி நான்கைப் பாருங்கள். என்னுடையதில் 2411 என்று இருந்தது. 2011ஆம் ஆண்டின் 24ஆவது வாரம் செய்த ரயர்! பழைய படகோடு சேர்ந்து வந்தது. படகு ட்ரெயிலர் ஆண்டுக்குச் சில நூறு கிலோமீற்றர்தான் ஓடும். தேய்வதற்கு முன்பே வெயிலிலும் ஒரே இடத்தில் தாங்கும் பாரத்திலும் றப்பர் செத்துவிடுகிறது. ஐந்து, ஆறு ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும், எவ்வளவு அழகாக இருந்தாலும். மேலதிகச் சில்லுக்கும் இதே கணக்குத்தான்.

இரண்டாவது பிழை காற்று. காருக்கு அடிப்பதுபோல 35 பிஎஸ்ஐ அடித்திருந்தேன். லோட் ரேஞ்ச் சி என்று பாரம் தாங்கும் அளவு குறித்த ட்ரெயிலர் ரயருக்கு, பக்கச்சுவரில் எழுதியிருப்பதுபோல, குளிர்ந்த நிலையில் 50 வேண்டும். காற்றுக் குறைந்தால் சுவர் மடங்கி மடங்கி விரியும். அந்தச் சூட்டில்தான் வெடிக்கிறது. எங்கள் ஊரில் 5.5 பாகை செல்சியஸ் குளிர்ந்தாலே 1 பிஎஸ்ஐ இறங்கும் என்பதால், இலையுதிர்காலத்தில் அடித்ததை நம்பி வசந்தத்தில் புறப்பட முடியாது. வேகக் குறியீடு இல்லாத எஸ்டி ரயர்களை, அதாவது ட்ரெயிலருக்கென்றே செய்த ரயர்களை, மணிக்கு 65 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 105 கிலோமீற்றருக்கு, மேல் ஓட்டவும் கூடாது. எல்லோரும் முந்திக்கொண்டு போகட்டும்.

இப்போது படகுப் பருவம் முடிந்ததும் ட்ரெயிலரை மரக்கட்டைமேல் தூக்கிவைத்து, சில்லுகளுக்கு உறை போடுகிறேன். நட்டுக்கு ஏற்ற ஸ்பானரும், அச்சுக்குக் கீழே நுழையும் சிறிய ஜக்கும் படகிலேயே இருக்கின்றன. வீட்டு வாசலிலேயே ஒருமுறை சில்லைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பொருந்தாதது அங்கேயே தெரிந்துவிடும்.

மெல்பர்ன், ஆஸ்திரேலியா

அண்ணன் சொன்ன வாசல் ஒத்திகையோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 80 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். வெஸ்டர்ன்போர்ட் வளைகுடாவுக்குப் போன ஒரு பயணத்தில், புது டயர் மாட்டிய மறுநாளே ஐந்தில் இரண்டு நட்டுகள் கையாலேயே திரும்பின. கடையில் சரியாகத்தான் முடுக்கினார்கள். நான் நின்று பார்த்தேன். ரிம் புதிதாக உட்காரும்போது அப்படித் தளர்வது உண்டு. அன்றிலிருந்து, எவ்வளவு இறுக்கினோம் என்று அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் நான் புறப்படுவதில்லை. எதிரெதிர் நட்டாக முடுக்குகிறேன்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் ரிம், ஹப், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழுவுகிறேன். பசிக்கிறது என்று என் பிள்ளைகள் கத்தினாலும் முதலில் இதுதான்.

பேர்லேண்ட், டெக்சஸ்

அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். இரண்டு டயர்களும் 2019. மாட்டியிருந்த ஸ்டெப்னியில் 3812. இன்றைக்கே ஒரு புது ஸ்டெப்னி வாங்கிவிட்டேன். மற்ற இரண்டுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன், அவை வரும்வரை படகு வாசலில்தான் நிற்கும். அடுத்த பயணத்தில் லீக் சிட்டியில் ஒரு முறை நிறுத்தி, இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்த்து, நட்டுகளையும் முடுக்கிவிட்டுத்தான் ஐ-45இல் ஏறுவேன்.