ஆலடி வீட்டுக் குழு: அத்தான் தேர்தலில் நிற்பதா?

அக்கா (வன்கூவர்): அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை ஒரு கட்சியின் அமைப்பாளர் இவருடன் தொலைபேசியில் பேசி, அடுத்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தேர்தலில் எங்கள் தொகுதியில் வேட்பாளராக நிற்க விருப்பமா என்று கேட்டிருக்கிறார். ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவரோ வாயைத் திறக்காமல் ஆற்று நீர்மட்டக் கணக்குகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மாமா (ரொறன்ரோ): நல்ல சேதி. நிக்கட்டும்.

சித்தி (கொக்குவில்): தம்பி, இந்தக் குழுவில் எழுத்துத் தமிழில், முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்பது அம்மா இருந்த காலத்திலேயே போட்ட விதி. "நிக்கட்டும்" எந்த இலக்கணத்தில் வருகிறது?

மாமா (ரொறன்ரோ): மருமகன் தேர்தலில் நிற்க வேண்டும் என்பது என் பணிவான கருத்து, அக்கா.

பெரியப்பா (விக்ரோறியா): பிள்ளை, விஞ்ஞானி ஒருவர் தேர்தலில் நிற்பதற்கு முன்னுதாரணம் எங்கள் தொகுதியிலேயே இருக்கிறது. அன்ட்ரூ வீவர் 1961இல் இதே விக்ரோறியாவில் பிறந்தவர். இங்கே கணிதமும் பௌதிகமும் படித்து, கேம்பிரிட்ஜுக்குப் போய்வந்து, 1987இல் பிரயோக கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். விக்ரோறியாப் பல்கலைக்கழகத்தில் காலநிலையைக் கணினி மாதிரிகளால் ஆராய்ந்து, காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. அமைப்பான ஐ.பி.சி.சி.யின் இரண்டாவது முதல் ஐந்தாவது வரையான நான்கு மதிப்பீட்டு அறிக்கைகளிலும் தலைமை ஆசிரியர்களில் ஒருவராக இருந்தார். அப்படிப்பட்டவர் 2013 மே மாதத்தில் ஓக் பே–கோர்டன் ஹெட் தொகுதியில் பசுமைக் கட்சிக்காக நின்று, அமைச்சராக இருந்த ஐடா சோங்கைத் தோற்கடித்தார். கனடாவில் ஒரு மாகாண சட்டசபைக்குத் தெரிவான முதல் பசுமைக் கட்சி உறுப்பினர் அவர்தான்.

மாமா (ரொறன்ரோ): அவர் நோபல் பரிசு வாங்கியவர் அல்லவா?

பெரியப்பா (விக்ரோறியா): இல்லை. 2007இல் அமைதிக்கான பரிசை அல் கோரும் ஐ.பி.சி.சி. அமைப்பும் பகிர்ந்துகொண்டன. அதில் பங்களித்த ஒவ்வொருவரையும் நோபல் பரிசாளர் என்பது, ஊர்ச் சங்கத்தின் கேடயத்தை வீட்டில் வைத்திருப்பவரெல்லாம் ஓட்டத்தில் வென்றவர் என்பதைப் போன்றது.

மாமா (ரொறன்ரோ): கேடயம் என் வீட்டில் இருப்பதற்குக் காரணம் வேறு. அதை இங்கே இழுக்க வேண்டாம், அண்ணை.

அக்கா (வன்கூவர்): பெரியப்பா, அவர் ஏன் நின்றார் என்பதைச் சொல்லுங்கள். இவருக்கு அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரியப்பா (விக்ரோறியா): முடிவெடுப்பவர்களைப் பிடிக்கவில்லையென்றால் வேறொருவரைத் தெரிவு செய்யுங்கள், அல்லது நீங்களே நில்லுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிவந்தவர் அவர், கடைசியில் அந்தப் பாடத்தைத் தானே செய்துகாட்ட வேண்டியதாயிற்று. அரசியலும் அவருக்குப் புதிதல்ல. மாகாண முதலமைச்சராக இருந்த கோர்டன் கம்பலின் அரசு அமைத்த காலநிலை ஆலோசனைக் குழுவில் இருந்தவர் அவர். அந்த அரசுதான் 2008 யூலையில் தொன்னுக்கு 10 டொலர் என்று காபன் வரியைத் தொடங்கியது.

மாமா (ரொறன்ரோ): அந்த வரியைத்தான் 2025 ஏப்ரலில் பொதுமக்களுக்கு நீக்கிவிட்டார்களே. பெற்றோல் நிரப்பியபோது எனக்கே சந்தோசமாக இருந்தது.

அக்கா (வன்கூவர்): மாமா, நீங்கள் ஒன்ராறியோவில் இருக்கிறீர்கள். அது வேறு வரி.

தம்பி (இலண்டன்): நான் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெரியப்பா (விக்ரோறியா): மருமகன் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. 2013 முதல் 2017 வரை வீவர் சபையில் தனி ஆளாக இருந்தார். ஓர் ஆசனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று நானும் நினைத்தேன். ஆனால் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பாலியல் வன்முறை தொடர்பான கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று அவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தின் கருத்தை ஏற்று, 2016இல் அரசே சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு, வேலைத்தலங்களில் பெண்களைக் குதியுயர்ந்த சப்பாத்து அணியக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார். அரசு சில வாரங்களில் விதியையே மாற்றியது.

சித்தி (கொக்குவில்): காலநிலை விஞ்ஞானி சப்பாத்தைப் பற்றிச் சட்டம் கொண்டுவந்தாரா? அவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

அக்கா (வன்கூவர்): சனிக்கிழமை எல்லோரும் இங்கே வந்து இதைப் பேசுவதென்றால் கூழ் வைக்கிறேன். ஒடியல் மா இருக்கிறது. நண்டை யார் வாங்கி வருவது?

பெரியப்பா (விக்ரோறியா): நான் கப்பலில் முற்பதிவு செய்ய வேண்டும், சனிக்கிழமைகளில் இடம் கிடைப்பதில்லை. விட்ட இடத்துக்கு வருகிறேன். 2017 மே 9 தேர்தலில் 87 ஆசனங்களில் லிபரல் கட்சிக்கு 43, புதிய ஜனநாயகக் கட்சிக்கு 41, பசுமைக் கட்சிக்கு 3 கிடைத்தன. பசுமைக் கட்சித் தலைவராக இருந்த வீவர், புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர் யோன் ஹோர்கனின் அரசைத் தாங்குவதாக அவரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். யூன் 29 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் லிபரல் முதலமைச்சர் கிறிஸ்டி கிளார்க்கின் அரசு 44க்கு 42 என்று கவிழ்ந்தது. லிபரல் உறுப்பினர் ஒருவர் சபாநாயகராக இருந்ததால் அவர்களுடைய எண்ணிக்கை ஒன்று குறைந்தது.

மாமா (ரொறன்ரோ): ஒரு வாக்கின் அருமையை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998இல் ஊர்ச் சங்கச் செயலாளர் தேர்தலில் நான் ஒரே வாக்கால் தோற்றேன். பனி கொட்டுகிறது என்று அன்று வீட்டில் இருந்தவர் யார் என்பது இந்தக் குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா (விக்ரோறியா): அன்றைக்கு என் காருக்குக் குளிர்கால ரயர் போடப்படவில்லை.

சித்தி (கொக்குவில்): 27 வருடமாக அதே ரயர்.

மாமா (ரொறன்ரோ): அக்கா, இது முழு வாக்கியம் அல்ல.

பெரியப்பா (விக்ரோறியா): கேளுங்கள். ஆட்சியின் குடுமி கையில் இருந்தபோது வீவர் சாதித்தவையும் உண்டு. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பது தடைசெய்யப்பட்டது. 2018 டிசெம்பரில், பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தை 2030க்குள் 2007இன் அளவிலிருந்து 40 வீதம் குறைக்கும் திட்டம் வந்தது. ஆனால் பீஸ் ஆற்றின் சைட் சி நீர்மின் அணையை, செலவு 1,070 கோடி டொலர் என்று தெரிந்த பிறகும், முதலமைச்சரான ஹோர்கன் தொடர்ந்து கட்டினார். திரவ எரிவாயுவை விடாப்பிடியாகத் தொடர்ந்தால் அரசு கவிழும் என்று 2018 தொடக்கத்தில் வீவர் எச்சரித்தார். கிற்றிமாற் திரவ எரிவாயுத் திட்டத்துக்கான வரிச்சலுகை 2019இல் சபைக்கு வந்தபோது, பசுமைக் கட்சியின் மூவரும் எதிர்த்தும், எதிர்க்கட்சியான லிபரல்களே ஆதரித்ததால் அது நிறைவேறியது. விகிதாசாரத் தேர்தல் முறைக்கான வாக்கெடுப்பிலும் 61 வீதத்தினர் பழைய முறையே போதும் என்றார்கள். தனி ஆளாக இருந்தபோது அவர் கேட்டதைக் கொடுப்பதால் அரசுக்கு நட்டம் எதுவுமில்லை. மூவராகி அரசைத் தாங்கிப் பிடித்தபோதோ, அவர் கையை எடுத்தால் தன் திட்டமும் சேர்ந்து விழும் என்பதை எதிரில் இருந்தவர்களும் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

மாமா (ரொறன்ரோ): அப்படியானால் மூன்று ஆசனத்தைவிட ஓர் ஆசனமே நல்லது என்கிறீர்களா? 40 வீதத் திட்டம் மூன்று ஆசனத்தால் வந்தது. அண்ணை தன் வாதத்தைத் தானே வெட்டுகிறார்.

பெரியப்பா (விக்ரோறியா): பாதி வெட்டுகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சித்தி (கொக்குவில்): நீங்கள் ஆசனம் எண்ணுகிறீர்கள். அதே 2013இல், செப்டெம்பரில், எங்கள் வட மாகாண சபைக்கும் முதல் தேர்தல் நடந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரை முதலமைச்சராக்கினோம். 2018இல் சபையின் காலம் முடிந்தது, அதன் பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தலே நடக்கவில்லை. நிற்பதா என்று யோசிக்க உங்களுக்கு ஒரு சபையாவது இருக்கிறது.

அக்கா (வன்கூவர்): பெரியப்பா, கடைசியில் வீவருக்கு என்ன ஆயிற்று?

பெரியப்பா (விக்ரோறியா): 2020 சனவரியில், குடும்பத்தில் உடல்நலப் பிரச்சினை இருப்பதைச் சொல்லி, தலைமையை விட்டுச் சுயேச்சையாக அமர்ந்தார். அவ்வருட ஒக்ரோபர் தேர்தலில் அவர் நிற்கவில்லை. தன் பழைய கட்சியை விட்டு ஹோர்கனை ஆதரித்தார். கட்சிக்காரர் பலருக்கு அது இன்றும் ஆறவில்லை. பிறகு பல்கலைக்கழகத்துக்கே திரும்பிவிட்டார். எங்கள் தொகுதி புதிய ஜனநாயகக் கட்சிக்குப் போனது. இன்னொரு பேராசிரியரும் இருந்தார்: குற்றவியல் கற்பித்த டரில் பிளேகஸ், 2017 செப்டெம்பரில் சபாநாயகர் பதவியை ஏற்றதற்காக லிபரல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர். ஆகவே மருமகன் அந்த அமைப்பாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, கட்சிக் கொறடா சொல்வதற்கு மாறாக வாக்களிக்க இடம் உண்டா என்பதுதான். பசுமைக் கட்சியில் அந்தச் சுதந்திரம் இருந்தது.

அத்தான்: அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் வாசித்தேன். சம்பளமில்லா விடுமுறை கிடைக்குமா என்று துறைத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். கொறடா விடயத்தையும் கேட்கிறேன். ஞாயிறுக்குப் பதிலாக அடுத்த வெள்ளி வரை தவணை கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

மாமா (ரொறன்ரோ): இது ஆம் என்றா, இல்லை என்றா எடுத்துக்கொள்வது?

அக்கா (வன்கூவர்): எனக்கும் தெரியவில்லை, மாமா. ஆனால் என் திருமணத்தன்று போட்ட கறுப்புச் சப்பாத்து எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் என்னிடம் கேட்டார்.

பெரியப்பா (விக்ரோறியா): சனிக்கிழமை காலை 9 மணிக் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது. நண்டை நான் வாங்கி வருகிறேன். வீவரின் அவதூறு வழக்குகளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை, அதை அங்கே வந்து விளக்குகிறேன்.

மாமா (ரொறன்ரோ): பனி கொட்டினால்?