சூட்டுக்கு நடுவில் கட்டுப் போட்டவர்கள்: உங்களுக்குத் தெரிந்த யாரும் உண்டா?

வெள்ளவத்தையிலிருந்து:
ஹவ்லொக் வீதியில் வாகனங்கள் அசையவில்லை. ஓட்டோ சீட்டுக்குப் பின்னால் செருகியிருந்த கறுப்புப் பட்டி என்னவென்று கேட்டேன். டோர்னிக்கேயாம், இரத்தத்தை நிறுத்த இறுக்கிற பட்டி. ஓட்டுநர் முன்னாள் ஆமி மெடிக். 1991 ஜூலையில் ஆனையிறவு ஆமி முகாம் புலிகளின் முற்றுகைக்குள் இருந்தபோது, அதை மீட்க வெற்றிலைக்கேணிக் கரையில் இறக்கப்பட்ட படையோடு போனவர்.

அந்தப் பக்கம் போனவர்களுக்கு நிலம் தெரியும். உப்பு வெளி, ஒளிய ஒரு வரம்புகூட இல்லை. மருந்துப் பையை முன்னால் தள்ளிக்கொண்டு ஊர்ந்து போவாராம். சூடு நடக்கிற இடத்தில் பெரிய வைத்தியம் ஒன்றும் கிடையாது. தொடையில் இரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டு, கட்டின நேரத்தைக் குறி, கொலரைப் பிடித்து இழு. தொடை நாடி அறுந்தவன் சில நிமிடத்தில் போய்விடுவான். அப்போது இந்தப் பட்டியெல்லாம் இல்லை, துணியும் தடியும்தான்.

மருத்துவ ஆட்களைச் சுடக்கூடாது என்று 1949 ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறதே, கையில் செஞ்சிலுவைப் பட்டி கட்டவில்லையா என்றேன். சிரித்தார். “தூரத்துல அந்த வெள்ளைதான் நல்லாத் தெரியும் மிஸ்.”

பயமில்லையா?

“போற நேரம் பயம் வராது. ரெண்டு பேர் கூப்பிடுவான். ஒருத்தன்கிட்ட போனா மத்தவன் பாத்துட்டே இருப்பான். அதான்.”

எங்கள் ஊரும் அந்தப் பக்கம்தான். ஒரு ஆமிக்காரர்மேல் மரியாதை எனக்கு லேசில் வராது. வந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
என் சித்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009இல், போரின் கடைசி மாதங்களில், புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆசுபத்திரியில் காயக்காரருக்கு மருந்து கட்டினவ. கட்டில் இல்லை, சேலைன் மரக்கிளையில் தொங்கும். செல் வரும்போது ஓடக்கூடியவர்கள் பங்கருக்குள் ஓடுவார்கள். கால் போனவரை யார் தூக்குவது? அவ அவர்களுக்குப் பக்கத்திலேயே குப்புறப் படுத்துவிடுவா. காயக்காரரைச் செஞ்சிலுவைக் குழுவின் கப்பலுக்கு வள்ளங்களில் ஏற்றி அனுப்பியிருக்கிறா, தான் ஏறவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவா.

உங்கள் ஓட்டோக்காரர் கதையை வாசித்துக் காட்டினேன். “நேரத்தை எங்க எழுதுவாராம்?” என்று மட்டும் கேட்டா.

வெள்ளவத்தையிலிருந்து:
நெற்றியில். பேனை எழுதாவிட்டால் இரத்தத்தைத் தொட்டே எழுதுவாராம். சித்தி எங்கே எழுதுவா?

கொட்டாஞ்சேனையிலிருந்து:
அவவும் நெற்றியில்தானாம்.