வீட்டிலேயே காரை வேகமாக சார்ஜ் செய்ய: குறைந்த செலவில் செய்தவர்கள் சொல்கிறார்கள்

நொய்யல், கோவை

மின்சார கார் வாங்கியதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுக்கு எந்த சார்ஜர் பாக்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது காருக்குள் இருக்கும் ஆன்-போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று. வீட்டுக்கு வரும் ஏசி (மாறுதிசை) கரண்டை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக (நேர்திசை) மாற்றுவது அதுதான். சுவரில் மாட்டும் பாக்ஸ், பாதுகாப்பும் கட்டுப்பாடும் சேர்ந்த ஒரு சுவிட்ச், அவ்வளவே. 2020-ல் வந்த முதல் டாடா நெக்ஸான் இவி காரில் உள்ளே இருப்பது 3.3 கிலோவாட். அதற்கு 7.2 கிலோவாட் பாக்ஸ் வாங்கி மாட்டினால் காசுதான் போகும், வேகம் வராது.

எங்களுடையது 24 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரி உள்ள டாடா டியாகோ இவி, அதிலும் 3.3 கிலோவாட் மாடல். அதனால் பாக்ஸ் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் கூடவே வந்த சார்ஜரை போர்டிகோவில் இருந்த பழைய பிளக்கில் போட்டால் பிளக் சூடாகிவிடும். 10 ஆம்பியருக்கு மேல் அதில் ஓட்ட பயமாக இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட். அதுவே 15 ஆம்பியர் என்றால் 3.45. காரையும் சார்ஜரையும் மாற்றாமலேயே ஒன்றரை மடங்கு வேகம் கிடைக்கிறது. ஒரு நல்ல லைன் இழுத்தால் போதும்.

எலக்ட்ரீஷியன் அந்தப் பிளக்கைக் கழற்றியபோது கூடவே நின்று பார்த்தேன். ஃபேஸ் ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கருகியிருந்தது. உள்ளே பித்தளைத் தகடு விரிந்துபோய் பின்னைப் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருந்தது. வந்த வயரும் வாஷிங் மெஷின் பாயிண்ட்டிலிருந்து லூப் எடுத்த ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்). மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அது சமாளிக்கும். ராத்திரி முழுக்க, மணிக்கணக்காக 15 ஆம்பியர் இழுக்கும் காருக்கு சமாளிக்காது.

வீட்டு லைன்கள் பிரிந்து போகும் டிபி பாக்ஸிலிருந்து காருக்கென்றே தனியாக 4 ஸ்கொயர் காப்பர் இழுத்தோம். லோடு மீறினால் கட் ஆகும் 20 ஆம்பியர் எம்சிபி, கரண்ட் கசிந்தால் கட் ஆகும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கடைசியில் 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டும் அதற்குப் பொருந்தும் பிளக்கும். ஆர்சிசிபி வாங்கும்போது 'டைப் ஏ' என்று கேட்டு வாங்குங்கள். கடைகளில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது 'டைப் ஏசி'. கார் சார்ஜர் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் உள்ள சாமானில் வரும் கசிவை அது சரியாகப் பிடிக்காது.

எர்த்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் எங்கள் வீட்டில் 14 வோல்ட் காட்டியது. எர்த் சரியில்லை என்றால் பல கார்கள் சார்ஜே ஏற்காது, சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். தோட்டத்தில் புது எர்த் குழி எடுத்து பைப் இறக்கியபின் அதே இடத்தில் 2 வோல்ட்டுக்குள் வந்தது. குழியைச் சேர்த்தும் மொத்தச் செலவு, ஒரு நடுத்தர பாக்ஸ் விலையில் பாதிகூட ஆகவில்லை.

வைகைக்கரை, மதுரை

நொய்யல் அண்ணே சொன்னது அத்தனையும் சரி. என் பங்குக்கு வோல்டேஜ் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி வரிசை. கோடையில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏசி ஓட ஆரம்பித்தால் 195-க்கு இறங்கிவிடும். ராத்திரி 11 மணிக்கு மேல் 225-ஐத் தொடும். ஆம்பியர் அதே 15 என்றாலும் முதலில் கிடைப்பது 2.9 கிலோவாட், பிறகு கிடைப்பது 3.4. ஆகவே வந்தவுடன் சொருகிவிட்டு, காரிலேயே டைமர் வைத்துவிடுவேன். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இன்னொன்று, எங்களுடையது த்ரீ ஃபேஸ் சர்வீஸ், அதாவது மூன்று ஃபேஸ் லைன் வரும் இணைப்பு. கார் லைனும் படுக்கையறை ஏசியும் ஒரே ஃபேஸில் இருந்தன. வயர்மேன் கார் லைனை அதிகம் வேலையில்லாத ஃபேஸுக்கு மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து சார்ஜ் பாதியில் கட் ஆகி நிற்பது போய்விட்டது. ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னவர்கள் உண்டு. அந்த அளவுக்கு லோடு தாங்கும் ஸ்டெபிலைசர் விலையைக் கேட்டுவிட்டு வந்தால் ஃபேஸ் மாற்றுவதன் அருமை புரியும்.

வேளச்சேரி வாசி, சென்னை

தனி வீட்டுக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். அபார்ட்மெண்ட்டில் வயரை விட மனிதர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய வேலை.

எங்கள் பிளாக்கில் மீட்டர் போர்டு ஒரு மூலை, என் பார்க்கிங் எதிர் மூலை. இடையில் 30 மீட்டர் தூரம். அசோசியேஷன் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. தீப்பிடித்தால் யார் பொறுப்பு? காமன் மீட்டரில் கரண்ட் எடுப்பீர்களா? இரண்டும் நியாயமான கேள்விகள். மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மின் இணைப்பிலேயே சொந்த வண்டியை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று தெளிவாக இருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கரண்ட் என் மீட்டரிலிருந்து மட்டும் வரும், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் வேலை செய்வார், மீட்டர் பக்கத்திலேயே ஒரு எம்சிபியும் பார்க்கிங் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவர் ஒருவர், "எங்களுக்கும் நாளைக்கு வேணுமே தம்பி, குழாயைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்க" என்றார். கூட்டம் அதோடு முடிந்தது. பக்கத்து பார்க்கிங்காரரும் சேர்ந்துகொண்டதால் குழாய்ச் செலவும் கூலியும் பாதியாகிவிட்டன. உங்கள் இடத்திலும் முதலில் கூட்டாளி தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

தூரம் அதிகமென்றால் வயரில் கஞ்சத்தனம் கூடாது. 30 மீட்டர் என்றால் போக வர 60 மீட்டர். இரண்டரை ஸ்கொயரில் 15 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 7 வோல்ட் விழும், 100 வாட் வயரிலேயே சூடாகப் போகும். என் கார் 7.2 கிலோவாட் ஏற்கும், 50 யூனிட் பேட்டரி, அடிக்கடி வேலூர் போய் வருகிறேன். ஆகவே நான் பாக்ஸ்தான் போட்டேன். 32 ஆம்பியருக்கு 6 ஸ்கொயர் காப்பர், 40 ஆம்பியர் எம்சிபி. அதற்கு முன்பே மின்வாரியத்தில் வீட்டுக்கு அனுமதித்த லோடை உயர்த்த விண்ணப்பித்தேன். அதைச் செய்யாமல் பாக்ஸ் மாட்டுவது சரியில்லை, தெரு டிரான்ஸ்ஃபார்மர் எல்லோருக்கும் பொது.

பில் கணக்கும் கேட்பீர்கள். நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில், யூனிட் கூடக் கூட விலை படிப்படியாக ஏறும் ஸ்லாப். கார் யூனிட் எல்லாம் மேல் படியில் போய் உட்காரும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 600 தாண்டினால் யூனிட் 9.65 ரூபாய், 800 தாண்டினால் 10.70, ஆயிரத்துக்கு மேல் 11.80. எங்கள் வீடு ஏற்கெனவே 600 ஓடும். இரண்டு மாதத்தில் 2000 கிலோமீட்டர் ஓட்டினால், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் வைத்து, சுமார் 285 யூனிட். 2,840 ரூபாய் கூடுதலாகிறது. கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள். எங்கள் பழைய பெட்ரோல் காருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் ஆகும்.

ஸ்காபரோ சிவா, கனடா

வணக்கம். இங்கே கதை வேறு மாதிரி, ஆனால் முடிவு ஒன்றுதான். எங்கட வீட்டுச் சாதாரண பிளக் 120 வோல்ட், அதனால் ஆமை வேகம். என்னிடம் இருப்பது 2017 பிரியஸ் பிரைம், 8.8 யூனிட் பேட்டரி, தீர்ந்தால் பெற்றோலில் ஓடும். 120-ல் போட்டால் ஐந்தரை மணித்தியாலம், 240-ல் போட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட.

கேட்ட இடமெல்லாம் 50 ஆம்பியர் லைன், பெரிய சார்ஜர் என்றுதான் விலை சொன்னார்கள். என் கார் எடுப்பதே 3.3 கிலோவாட். 240 வோல்ட், 20 ஆம்பியர் பிரேக்கர் போட்டால், மணித்தியாலக்கணக்காக ஓடும் லோடுக்கு எண்பது வீதம் என்ற விதிப்படி 16 ஆம்பியர் எடுக்கலாம். அது 3.8 கிலோவாட், காருக்குத் தாராளம். மெல்லிய வயர், சின்ன பிரேக்கர், சின்ன சார்ஜர், வீட்டு மெயின் பனலை மாற்றத் தேவையில்லை. ஒன்ராறியோவில் இந்த வேலைக்கு மின் பாதுகாப்பு ஆணையத்தின் பெர்மிட் எடுக்க வேணும். அதை மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதேங்கோ. 2023-ல் இருந்து இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை மிகக் குறைந்த விலையில் கரண்ட் தரும் திட்டமும் இருக்கு. இரண்டு மணித்தியாலத்தில் நிறையும் காருக்கு அது வலு வசதி.

நாமக்கல் டீச்சர்

நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். சுவரை உடைக்க ஓனர் சம்மதிக்கவில்லை. அதனால் மீட்டர் பக்கத்திலிருந்து சுவருக்கு வெளியே பிவிசி பைப்பில் லைன் எடுத்தோம். எம்சிபி, ஆர்சிசிபி, சாக்கெட் மூன்றையும் ஒரு சின்ன பெட்டியில் மாட்டி நாலு திருகாணியில் நிறுத்தியிருக்கிறோம். வீடு மாறும்போது பெட்டி எங்களோடு வரும், வயர் அவருக்கு. தினமும் பள்ளிக்குப் போய்வர 50 கிலோமீட்டர், ஏழெட்டு யூனிட். மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு சந்தேகம்: ஊருக்குப் போனால் அம்மா வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்துப் போடலாமா, அண்ணா?

நொய்யல், கோவை

வேண்டாங்க டீச்சர். கடையில் விற்கும் எக்ஸ்டென்ஷனில் உள்ளே இருக்கும் வயர் பெரும்பாலும் ஒரு ஸ்கொயர், ஒன்றரை ஸ்கொயர்தான். சுருட்டி வைத்தபடி ஓடினால் இன்னும் சூடாகும். அம்மா வீட்டில் மோட்டாருக்கோ ஏசிக்கோ 15 ஆம்பியர் பிளக் இருந்தால் காரை அதன் பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்கள், சார்ஜரில் ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் 10-ல் வையுங்கள். முதல் ஒரு மணி நேரம் கழித்து சார்ஜை நிறுத்திவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் அந்தப் பிளக்கில் திரும்பப் போட வேண்டாம். நம் வீட்டிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு எம்சிபி, சாக்கெட் திருகாணிகளை எலக்ட்ரீஷியனை விட்டு முறுக்கிவிடச் சொல்லுங்கள். சூட்டில் விரிந்து சுருங்கி அவை தளர்ந்துவிடும்.