"கடலுக்கு விலை சொல்ல ஏலாது" என்ற படிவங்களை ஒதுக்கியது சரியா? கட்டுரை அனுப்புவதில் உதவி தேவை

கொட்டியாரக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். முதுமாணி ஆய்வுக்காகக் கொட்டியாரக் குடாவின் கடற்புல் படுகைகளைப் பற்றி மூதூர், கிண்ணியா பக்கத்து மீனவக் குடும்பங்களிடம் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினேன். படுகைகளைக் காக்க மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் ஊடாக ஒரு நிதி தொடங்கினால் மாதம் எவ்வளவு தருவீர்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி.

கட்டுரையாக்கி முதலில் ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். மதிப்பீட்டாளரிடம் போகாமலே ஆசிரியர் மேசையிலிருந்து திரும்பி வந்தது. வழக்கமான மதிப்பிடல்தான், இடம் மட்டும் புதிது என்று இரண்டே வரி. பிறகு 'ஈக்கொலொஜிக்கல் எக்கனொமிக்ஸ்' சஞ்சிகைக்கு எடிட்டோரியல் மனேஜர் என்ற கட்டுரை அனுப்பும் தளத்தில் ஏற்றினேன். இரண்டு மாதமாகிறது. மெயிலும் இல்லை, கட்டுரை இலக்கமும் இல்லை. நினைவூட்டி எழுதலாமா? ஏற்றுக்கொண்டால் பெரிய தொகை கட்டச் சொல்வார்கள் என்று நண்பி ஒருத்தி பயமுறுத்துகிறாள். அதுவும் உண்மையா?

இன்னொன்றும் இருக்கிறது. நிறையப் பேர் தொகையே சொல்லவில்லை. "கடலுக்கு விலை சொல்ல ஏலாது பிள்ளை" என்றார்கள். அவற்றை எதிர்ப்பு விடை (கேள்வியையே ஏற்காமல் சொல்லும் விடை) என்று ஒதுக்கிவிட்டு மீதியில்தான் கணக்குப் போட்டேன். பாடநூலிலும் அப்படித்தான் இருந்தது. ஒதுக்கிய படிவங்கள் தனிக் கட்டாக அலுமாரியில் இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது.

உப்பாற்றுத்தம்பி:

அக்கா, மெயில் எழுத முதல் ஒருக்கால் உள்ளே போய்ப் பாருங்கள். ஓதர் மெயின் மெனுவில் 'சப்மிஷன்ஸ் வெயிட்டிங் ஃபோர் ஓதர்ஸ் அப்ரூவல்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பக்கத்தில் 1 என்று இருந்தால் கட்டுரை இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கோப்புகளை ஏற்றியதும் தளம் அவற்றை ஒன்றாக்கி ஒரு பிடிஎஃப் செய்யும். அதைத் திறந்து பார்த்து நீங்களே 'அப்ரூவ் சப்மிஷன்' கொடுக்க வேண்டும். அதுவரை சஞ்சிகைக்காரருக்கு எதுவும் போகாது. பிடிஎஃப் ஆக நேரம் எடுக்கும், அந்த நேரம் நெற் போனால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து மூடிவிடுவோம். எனக்கும் இதே நடந்தது. போய்ச் சேர்ந்திருந்தால் உறுதிப்படுத்தும் மெயில் கட்டாயம் வந்திருக்கும்.

கொட்டியாரக்கரை:

தம்பி, சொன்னபடியே அங்கேதான் கிடக்கிறது. இரண்டு மாதம் வீணாகப் போய்விட்டது. இப்போதே அப்ரூவ் கொடுக்கவா?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

கொஞ்சம் பொறுங்கள் பிள்ளை. இப்போதுள்ள வடிவிலேயே அனுப்பினால் இங்கேயும் ஆசிரியர் மேசையோடு நின்றுவிடும் என்பது என் எண்ணம். அந்த அலுமாரிக் கட்டைப் பற்றிப் பேசுவோம்.

நீங்கள் அனுப்பப் போகும் சஞ்சிகை எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். 1989 இல் சூழலியல் பொருளியலுக்கான சர்வதேசச் சங்கத்தின் சஞ்சிகையாக வரத் தொடங்கியது. முதல் ஆசிரியர் ரொபேர்ட் கொஸ்தான்சா. அவரும் கூட்டாளிகளும் 1997 இல் உலகெங்கும் இயற்கை மனிதருக்குத் தரும் சேவைகளுக்கு ஆண்டுக்குச் சராசரி 33 ட்ரில்லியன் டொலர் என்று மதிப்பிட்டார்கள். அந்த எண்ணைக் கடுமையாக விமர்சித்துக் கட்டுரை எழுதியவர்களும் இதே துறைக்குள் இருந்தார்கள், இதே சஞ்சிகையில் எழுதினார்கள். இயற்கையைப் பணத்தால் அளக்கலாமா, எவ்வளவு தூரம் அளக்கலாம் என்பது அங்கே பிறந்ததிலிருந்து ஓயாத வாதம். எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்று ஹுவான் மார்த்தினஸ் அலியர் போன்ற பொருளியலாளர்கள் நீண்ட காலமாக வாதிடுகிறார்கள். மூதூர் மீனவர் உங்களிடம் சொன்னதும் அதைத்தான். அந்த வாதத்துக்குள் நேரே போகும் விடைகளைக் கழித்துவிட்டு மிச்சமுள்ள சராசரியை அனுப்பியிருக்கிறீர்கள்.

கழிப்பதில் கணக்குப் பிழையும் வரும். விலை சொன்னவர்களும் சொல்லாதவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லையென்றால், சொன்னவர்களின் சராசரியை ஊரின் சராசரி என்று எழுத முடியாது. யார் மறுத்தார்கள்? கரைவலைக்காரரா, நண்டு வலைக்காரரா, மட்டி பொறுக்கும் பெண்களா? இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணையாவது கட்டாயம் வேண்டும்.

ஏன் மறுத்தார்கள் என்று படிவத்தில் எழுதி வைத்தீர்களா? 1989 இல் அலாஸ்காவில் எக்ஸொன் வால்டிஸ் கப்பலின் எண்ணெய் கொட்டிய பிறகு, பொருளியலாளர்கள் கென்னத் ஆரோவும் ரொபேர்ட் சோலோவும் தலைமை தாங்கிய குழு 1993 இல், எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு மதிப்பிடும் இந்த முறைக்குச் சில விதிகளைச் சொன்னது. விடை எதுவாக இருந்தாலும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

கொட்டியாரக்கரை:

எழுதினேன் சேர். ஓரத்தில் பென்சிலால், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. இன்று கட்டை அவிழ்த்து முழுவதும் வாசித்தேன். எல்லாரும் சொன்னது ஒன்று இல்லை. "சுனாமிக்குப் பிறகு எத்தனை படிவம் நிரப்பினம், காசு எங்க போனது?" என்று சிலர். "வெடி போடுறவன் கட்டட்டும், நாங்க ஏன் கட்ட?" என்று, வெடி வைத்து மீன் பிடிப்பவர்களைச் சொன்னார்கள் சிலர். "அது தாய் மாதிரி, அதுக்கென்ன விலை" என்று ஒரு வயதான அம்மா. மூன்றையும் ஒரே பெயரில் கட்டிப் போட்டிருக்கிறேன். அவர்கள் முகத்தை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

வெட்கப்பட ஒன்றுமில்லை, கட்டுரை கிடைத்துவிட்டது. முதலாமவர் நிதியை நடத்துபவரை நம்பவில்லை. அவருக்குப் படுகை வேண்டாம் என்று பொருள் இல்லை. இரண்டாமவர் பொறுப்பு யாருடையது என்று கேட்கிறார். மூன்றாமவர்தான் விலை என்ற கேள்வியையே ஏற்காதவர். மூவருக்கும் பூச்சியம் போடுவதும் பிழை, மூவரையும் கழிப்பதும் பிழை. விடைகளை இப்படிப் பிரித்து, இன்னொருவரையும் தனியாகப் பிரிக்கச் சொல்லி, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். சராசரித் தொகை ஒரு பந்திக்குள் அடங்கட்டும். தலைப்பும் கேள்வியும் இந்த மறுப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

முடிந்தால் திரும்பிப் போய்க் கொஞ்சப் பேரிடம் வேறு மாதிரிக் கேளுங்கள். காசு இல்லாமல், மாதத்தில் எத்தனை நாள் வேலை தருவீர்கள் என்று. கையில் காசு புழங்காத இடங்களில் உழைப்பு நாளாகக் கேட்கும் வழக்கம் இந்தத் துறையில் உண்டு. படுகையில் வலை இழுக்காமல் காவல் பார்க்க வருவேன் என்று அந்த அம்மாவின் மகன் சொன்னாலும் சொல்வார்.

நிலாவெளி மருமகள்:

தங்கச்சி, காசைப் பற்றி நான் சொல்கிறேன். இது இரண்டு வழியும் உள்ள சஞ்சிகை. எவரும் இலவசமாக வாசிக்கும் திறந்த அணுக்கத்தைத் தெரிந்தால்தான் கட்டணம். சந்தா வழியைத் தெரிந்தால் எழுதியவர் ஒன்றும் கட்டத் தேவையில்லை. அந்தத் தெரிவைக் கவனமாக வாசித்துவிட்டு அழுத்துங்கள். 'ஏழு நாளில் பிரசுரம்' என்று மெயில் அனுப்பும் ஆட்களைத் திரும்பியும் பார்க்காதீர்கள்.

ஏற்றும்போது 'ஹைலைட்ஸ்', அதாவது கட்டுரையின் முக்கிய முடிவுகள், தனிக் கோப்பாகக் கேட்பார்கள். மூன்று முதல் ஐந்து வரி, ஒவ்வொன்றும் இடைவெளி சேர்த்து 85 எழுத்துக்குள். ஆசிரியர் முதலில் பார்ப்பது அதையும் கட்டுரையோடு அனுப்பும் கடிதத்தையும்தான். முதல் வரியிலேயே மறுப்பு வந்துவிட வேண்டும். கட்டுரை வகையில் 'அனாலிசிஸ்' என்பதைத் தெரியுங்கள், களத் தரவு உள்ள கட்டுரைக்கு அதுதான் பொருத்தம். பெயர் மறைத்த கோப்பு கேட்டால் நன்றியுரையை எடுப்பதோடு வேர்ட் கோப்பின் உள்விபரத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீனவர் சொன்னவற்றை ஆங்கிலத்தில் மட்டும் போடாதீர்கள். முக்கியமான இரண்டு மூன்றைத் தமிழ் ஒலியிலேயே ரோமன் எழுத்தில் தந்து கீழே மொழிபெயர்ப்புக் கொடுங்கள். 'ஏலாது' என்பதில் முடியாது, கூடாது இரண்டும் இருக்கிறது. அதை விளக்க ஒரு வரி செலவழித்தால் மதிப்பீட்டாளருக்கு நிறையப் புரியும்.

உப்பாற்றுத்தம்பி:

ஒரே நேரத்தில் இரண்டு சஞ்சிகைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள் அக்கா. இது சரிவராவிட்டால் இந்தியச் சூழலியல் பொருளியல் சங்கத்தின் சஞ்சிகை இருக்கிறது. 2018 இல் தொடங்கியது, திறந்த அணுக்கம், தெற்காசியக் களம் அவர்களுக்கு அந்நியமில்லை.

கொட்டியாரக்கரை:

தளத்தில் கிடந்ததை நீக்கிவிட்டேன். இன்று காலை மேற்பார்வையாளரிடம் மூன்று குவியலாகப் பிரித்த படிவங்களைக் காட்டினேன். அரை மணித்தியாலம் பேசாமல் வாசித்தார். பிறகு, உழைப்பு நாள் கேள்விக்கு நெறிமுறைக் குழுவிடம் திருத்த அனுமதி எடுக்க வேண்டும், கடிதத்தை இன்றே எழுது என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். அனுமதி கிடைத்ததும் முதலில் அந்த அம்மாவின் வீட்டுக்குத்தான் போவேன். சேர், அக்கா, தம்பி, மூவருக்கும் நன்றி.