மறு: கிளட்ச் ரிசர்வாயருக்கு என்ன பெயர்? என் முன்மொழிவு: ஈடுசெய் சிமிழ்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். காரின் கிளட்ச் ரிசர்வாயரை, அதாவது கிளட்சுக்கான நீர்மம் ஊற்றும் சின்ன டப்பாவை, தமிழில் எப்படி அழைக்கலாம் என்று போன வாரம் நம் குழுவில் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை மறுமொழிகள் வந்ததில் மிகுந்த மகிழ்ச்சி. நீங்கள் சொன்ன சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கார் நிறுத்தும் அறையின் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் சனிக்கிழமை வேலையைத் தொடங்கினேன். வேலை முடிந்தபோது பாதிச் சொற்களை நானே அடித்துவிட்டிருந்தேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: என்னிடம் இருப்பது 1999 மாடல் ஹோண்டா சிவிக். டொராண்டோவின் உப்பு தூவிய சாலைகளில் பல பனிக்காலங்களைத் தாண்டி வந்த வண்டி. இதில் கிளட்ச் கேபிளால் இயங்குவதில்லை, நீர்மத்தால் இயங்குகிறது. மிதியை மிதித்தால் மேல் சிலிண்டர் நீர்மத்தைத் தள்ளும். குழாய் வழியே போன அழுத்தம் கியர்பெட்டி அருகிலுள்ள கீழ் சிலிண்டரைத் தள்ளும். அது கிளட்சை விடுவிக்கும். மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் என்பவை கோவையில் மெக்கானிக்குகள் சொல்லிக் கேட்ட பெயர்கள். ஆங்கிலத்தின் மாஸ்டர், ஸ்லேவ் என்பவற்றை ஆண்டான், அடிமை என்று மொழிபெயர்ப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்ல பெயர்கள். அவற்றை மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மேல் சிலிண்டருக்குச் சற்று உயரே, இன்ஜின் அறையின் பின்சுவரில், உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். நம் பேச்சு அதைப் பற்றித்தான். என் வண்டியில் அது பழுத்து மஞ்சளாகி, உள்ளே மட்டம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அடியில் ரப்பர் குழாய் மாட்டும் மூக்கில் எப்போதும் ஈரம். சொட்டிய இடத்தில் பெயின்ட் கொப்புளித்து, நகம் பட்டதும் தோலாக உரிந்து வந்தது. அதனால் வெளிச்சந்தையில் ஒன்று வாங்கி மாட்டினேன்.

(வெளிச்சந்தை உதிரி என்று எழுதுகிறேன். ஊரில் ஒரிஜினல் இல்லையென்றால் டூப்ளிகேட் என்று சொல்லிவிடுகிறோம். அது தவறு. டூப்ளிகேட் என்றால் போலி. இது வேறொரு நிறுவனம் தன் பெயரிலேயே நேர்மையாகச் செய்து விற்கும் பொருள்.)

இனி உங்கள் சொற்கள்.

> நீர்த்தேக்கம் / திரவத் தேக்கம்

அகராதியில் தேடினால் முதலில் வருவது இதுதான். நீர்த்தேக்கம் என்றதும் மேட்டூரும் வைகையும் மனதில் எழுகின்றன. அளவு மட்டும் குறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தேங்குதல் என்றால் ஓடாமல் நிற்பது. இந்த டப்பாவின் வேலை அதற்கு நேர் எதிரானது. கீழே விளக்குகிறேன்.

> தாங்கல்

மதுரை ஐயா சொன்ன, சிறிய ஏரியைக் குறிக்கும் இந்தச் சொல்லில் இரண்டு நாள் மயங்கிக் கிடந்தேன். ஆங்கிலத்தார் அணைக்கு வைத்த பெயரைக் காருக்கும் எடுத்துக்கொண்டார்கள்; நாம் நம் ஏரிப்பாசனத்திலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அருமையான வழி, ஐயா. கண்மாய், ஏந்தல், தாங்கல், மடை, தூம்பு, கலிங்கு என்று நம்மிடம் இருக்கும் செல்வம் கொஞ்சமா? வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப் பெயர்களில் இன்றும் அது வாழ்கிறது. ஆனால் ஒரு சிக்கல். பேரிங்குக்குத் 'தாங்கி' என்று பாடநூல்களில் எழுதிப் பழகிவிட்டோம். இதே கிளட்ச் அமைப்பில், கீழ் சிலிண்டர் தள்ளும் இடத்தில், ஒரு பேரிங் இருக்கிறது. ஒரே பக்கத்தில் தாங்கியும் தாங்கலும் வந்தால், கிரீஸ் படிந்த கையோடு கைபேசியில் படிப்பவர் தடுமாறுவார். மனமில்லாமல்தான் இதை விடுகிறேன்.

> தொட்டி

நமக்குத் தொட்டி என்றால் மேலே திறந்தது. மாட்டுத் தொட்டி, துவைக்கும் தொட்டி. இந்தப் பொருளுக்கு மூடிதான் உயிர். கிளட்சில் ஊற்றும் டாட் 3, டாட் 4 என்ற தரவகைப் பிரேக் நீர்மங்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. தரவிதிப்படி புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியசில்தான் கொதிக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் மூடிக்குள் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். மட்டம் இறங்கும்போது அது விரிந்து இடத்தை நிரப்பும். வெளிக்காற்று நீர்மத்தைத் தொடாது. மூடி என்ற எண்ணத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சொல் நமக்கு வேண்டும்.

> குப்பி, போத்தல்

யாழ்ப்பாண நண்பரின் போத்தல் எனக்கும் பிடித்த சொல். இருந்தாலும் இரண்டுமே ஒடுங்கிய கழுத்தை நினைவூட்டுகின்றன. இது அகலவாய்ப் பாத்திரம்.

> இருப்புக்கலன்

அதிகம் பேர் ஆதரித்தது இது. நான் மிகக் கடுமையாக மறுப்பதும் இதைத்தான். காரணத்தைச் சனிக்கிழமை கண்ணால் கண்டேன்.

முதலில் பழைய நீர்மத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சினேன். சுற்றிலும் ஈரத்துணி போர்த்தியிருந்தேன், ஒரு துளி விழுந்தாலும் பெயின்ட் போய்விடும் என்பதால். (விழுந்துவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். இது எண்ணெய் அல்ல, தண்ணீரில் கரைந்துவிடும்.) ரப்பர் குழாயை இழுக்காமல் முறுக்கித் தளர்த்திக் கழற்றினேன். புதியதைப் பின்சுவரின் போல்ட்டிலேயே ஒரு பட்டை வைத்து, அதன் அடி மேல் சிலிண்டரின் வாயைவிட உயரமாக இருக்குமாறு பொருத்தினேன். புதுக் குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் முதுகு தூக்கினால் அங்கே காற்று உட்கார்ந்துகொள்ளும். குழாயும் பிரேக் நீர்மத்துக்கென்றே செய்த ரப்பராக இருக்க வேண்டும். பெட்ரோல் குழாயை வெட்டி மாட்டினால் நாளடைவில் அது ஊறி உப்பிவிடும்.

பளபளக்கும் அலுமினியத்திலும் இந்தப் பொருள் கிடைத்தது. நான் வாங்கவில்லை. மட்டத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்தால், மூடி எதற்கு? பால்நிறப் பிளாஸ்டிக்கையே தேர்ந்தெடுத்தேன்.

பிறகு ஏர் எடுக்கும் வேலை, அதாவது குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. மகள் ஓட்டுநர் இருக்கையில். நான் கீழ் சிலிண்டரின் முனையில் 8 மில்லிமீட்டர் ஸ்பானரோடு. முனையில் மாட்டிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயின் மறுமுனை ஜாம் பாட்டிலில். "அமுக்கு... பிடி..." என்றதும் அவள் மிதியை அழுத்திப் பிடிப்பாள். நான் முனையைத் திறப்பேன். கருப்பட்டிக் காபி நிறத்தில் நீர்மமும், இடையிடையே கடுகளவுக் குமிழிகளும் வரும். மூடிவிட்டு "விடு" என்பேன். தரையோடு கிடக்கும் மிதியைக் கையால் தூக்கிவிட வேண்டும். ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை மேலே போய் நிரப்ப வேண்டும். அடி தெரிய விட்டால் மறுபடி காற்று புகுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிறம் தெளிந்து, குமிழி நின்றது.

எல்லாம் முடிந்தபின் மூடியைப் போடும் முன், மகளை மிக மெதுவாக மிதிக்கச் சொல்லிவிட்டு உள்ளே உற்றுப் பார்த்தேன். மிதி அசைந்த முதல் நொடியில், அடியிலிருந்து சின்னதாக ஒரு சுழிப்பு மேலே எழுந்து அடங்கியது. நீர்மம் திரும்பி வந்தது!

மேல் சிலிண்டர் சுவரில் குண்டூசி நுழையும் அளவில் ஒரு துளை உண்டு. கால் எடுத்திருக்கும்போது அது திறந்திருக்கும். மிதித்தவுடன் பிஸ்டனின் ரப்பர் விளிம்பு அதைக் கடந்து அடைக்கும். அதன் பின்னரே அழுத்தம் பிறக்கும். அடைபடும் முன் தப்பிய துளிதான் அந்தச் சுழிப்பு. வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் நீர்மம் விரிந்தால், மிகுதி இந்தத் துளை வழியாகவே மேலேறுகிறது. குளிர்ந்தால் கீழிறங்குகிறது.

இன்னொன்று. பிரேக்கில் பட்டைகள் தேயத் தேய நீர்மட்டம் இறங்கும், இது பலருக்கும் தெரியும். கிளட்சில், தேய்மானத்தைக் கீழ் சிலிண்டர் தானே சரிசெய்துகொள்ளும் பல கார்களில், கிளட்ச் தட்டு தேயத் தேய மட்டம் ஏறுகிறது. தட்டு மெலிந்தால், அதை அழுத்திப் பிடிக்கும் வில்லின் விரல்கள் கியர்பெட்டிப் பக்கம் சாய்ந்து கீழ் சிலிண்டரின் பிஸ்டனை உள்ளே தள்ளும். அது இடம் விட, அங்கிருந்த நீர்மம் மேலே வருகிறது.

இப்போது சொல்லுங்கள், 'இருப்பு' என்று பெயரிட்டால் வாங்கியவர் என்ன செய்வார்? இருப்பு குறையக் கூடாதென்று டப்பாவில் போட்டிருக்கும் மேல் அளவுக் கோட்டையும் தாண்டி நிரப்பி வைப்பார். அது ஏறும், மூடியின் மூச்சுத்துளை வழியே வழியும், பெயின்ட்டைத் தின்னும். பெயர் கையைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது.

பெயர் கையைக் கெடுப்பதை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவன். பல ஆண்டுகளுக்கு முன் சித்தப்பாவின் குவாலிஸ் கார் ஒரு பட்டறையில் நின்றிருந்தது. "தம்பி, கிளட்ச் ஆயில் ஊத்திடு" என்று யாரோ குரல் கொடுக்க, வேலைக்குப் புதிதாக வந்த பையன் ஆயில் எடுத்து ஊற்றினான். இன்ஜின் ஆயில். 'ஆயில்' என்றுதானே சொன்னார்கள்? சில வாரங்களில் ரப்பர் வளையங்கள் எல்லாம் உப்பி, மிதித்த மிதி மேலே வரவே இல்லை. மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர், குழாய்கள் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. பையனைத் திட்டினார்கள். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆகவே 'கிளட்ச் ஆயில்' என்பதை எழுத்திலாவது விட்டுவிடுவோம். 'கிளட்ச் நீர்மம்' என்போம். பாய்மம் என்ற சொல்லையும் சிலர் தந்திருந்தீர்கள்; பாய்மம் என்றால் காற்றும் அதில் அடங்கும். இந்தக் குழாய்க்குள் காற்றுதான் பகை, ஆகவே இங்கே அது பொருந்தாது.

சரி, பெயர். தருவதும் திரும்பப் பெறுவதுமாக, கூடுதல் குறைவுகளை ஈடுகட்டுவது இதன் தொழில். எனவே 'ஈடு' என்ற வேரைப் பிடித்தேன். முதலில் ஈட்டுக்கலம் என்று எழுதிப் பார்த்தேன். வீடு, வீட்டுக் கூரை ஆவதுபோல் ஈடு, ஈட்டு ஆவது இலக்கணப்படி சரிதான். ஆனால் காதில் பொருள் ஈட்டும் கலம் என்று விழுகிறது. இதற்குத் தீர்வு அரசு அலுவலகத்திலேயே கிடைத்தது. விடுமுறை நாளில் வேலை பார்த்ததற்குக் கொடுப்பது ஈடுசெய் விடுப்பு. பணிக்காலத்தால் சேர்வது ஈட்டிய விடுப்பு. எழுத்தர்கள் நாள்தோறும் குழப்பமில்லாமல் பிரித்து எழுதுகிறார்கள். அந்த 'ஈடுசெய்' நமக்கும் போதும். வினைத்தொகையாக நிற்கும், எதனோடும் சேரும்.

பாத்திரத்துக்குச் 'சிமிழ்'. சின்னது, அகலவாய், மூடி இல்லாமல் சிமிழே இல்லை. குங்குமச் சிமிழ் பார்க்காத வீடு உண்டா? அது உலர்ந்த பொருளுக்கானது என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் குழைத்த சந்தனத்துக்கும் கண்மைக்கும் சிமிழ்தான் வைத்திருந்தோம்.

ஆகவே ரிசர்வாயர் 'ஈடுசெய் சிமிழ்', அந்த ஊசித்துளை 'ஈடுசெய் துளை'. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு உறுப்புகள் என்பது பெயரிலேயே தெரியும். ஏர் எடுப்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. மெக்கானிக் சொல்வதையே 'காற்றெடுப்பு' என்று எழுதிக்கொள்ளலாம். பட்டறையில் டப்பா என்று சொல்பவர் சொல்லட்டும், அது உயிருள்ள சொல். எழுதும் கையேட்டில், படத்தின் பக்கத்தில் போட, நமக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவே.

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய அக்காவிடம் ஒரு வேண்டுகோள்: 'ஈடுசெய் துளை'க்கு உங்கள் வகுப்புக் குறிப்புகளில் வேறு சொல் ஏற்கெனவே புழங்கியிருந்தால் சொல்லுங்கள். மாணவர்கள் பழகிய சொல் இருந்தால் என்னுடையதை விட்டுவிடுகிறேன்.

பிரேக்கும் கிளட்சும் ஒரே சிமிழைப் பகிரும் கார்களுக்கு என்ன எழுதுவது என்றும் யோசியுங்கள். பல கார்களில் கிளட்சுக்குப் போகும் குழாய் சிமிழின் அடியில் இல்லாமல் பக்கவாட்டில் உயரத்தில் இருக்கும். கிளட்ச் ஒழுகிக் காலியானாலும் பிரேக்குக்கு நீர்மம் மிஞ்சட்டும் என்பதற்காக. 'பொதுச் சிமிழ்' போதுமா?

என் வண்டியின் புது மூடியில் மகள் அழியாத மையால் எழுதிவிட்டாள்: "ஈடுசெய் சிமிழ். டாட் 4 மட்டும். கோட்டுக்கு மேல் ஊற்றாதே." எழுத்து கொஞ்சம் கோணல். படம் எடுத்து அடுத்த மடலில் இணைக்கிறேன்.

அன்புடன்,
டொராண்டோவிலிருந்து